சூரியனின் ஓரம் விடுபட்ட வகையில்

பொது நிகழ்ச்சிகள் துறையின் கிளை அலுவலகத்தில் தலை நரைக்க உழைத்த கண்காணிப்பாளரம்மா அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வயதானால் எல்லாருக்கும் வருவதுதான். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் அவர் பேனாவைத் தொடுவார். இத்தனை வருஷமும் "இன்றைக்கு எந்த வம்பும் வேண்டாம் சாமி" என்பதுதான் வேண்டுதல். கொஞ்ச நாளாக அது மாறியிருந்தது. வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். "யாரு பக்கத்துல இருந்தாலும் நீ இல்லைன்னா எனக்குப் பயமா இருக்கும்மா" என்று அவள் போனில் சொன்னதிலிருந்து, "நேரத்துக்கு என்னை இங்கிருந்து விடுவித்துவிடு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடவுளுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. தணிக்கைப் பிரிவுக்கு இருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு சூரிய கிரகணம் தெரிந்தது. பார்க்க வருகிற ஜனங்களுக்கு நிழல் போட்டு, குடிதண்ணீர் வைக்க, அப்போது சாதாரண எழுத்தராக இருந்த அம்மாவைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். வந்தது வளைய கிரகணம். நிலா நட்டநடுவே வந்து நின்ற பிறகும் சுற்றிலும் ஓரம் மூடாமல், சூரியன் உருக்கி வார்த்த வளையல் மாதிரி தகதகவென்று நின்றது. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. கூட்டத்தில் இருந்த தணிக்கையாளர் மட்டும் வாயை மூடிக்கொண்டு எழுதினார்: "சூரியனை மறைக்கும் பணி முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. ஓரம் விடுபட்ட வகையில் பொறுப்பாளர் விளக்கம் அளிக்க வேண்டும்."

அந்த விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் கொடுக்கவுமில்லை. அம்மா அந்த ஓரத்தை மறந்தே போனார். இப்போது, 'இவர் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுமில்லை' என்று சான்று கொடுக்க வேண்டிய நேரத்தில், அதே தணிக்கையாளர் அந்தக் குறிப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அம்மா நேராகப் புது அதிகாரியின் அறைக்குப் போனார். புது அதிகாரி நாகரிகமானவர். பயிற்சி வகுப்பு எங்கே நடந்தாலும் போய்விட்டு வருவார். இலக்கு, புதுமை, ஒருங்கிணைப்பு என்ற மூன்று வார்த்தைகளை அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டே ஒரு நாள் முழுக்கப் பேசிவிடுவார். அம்மா சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏன் மேடம் முழுசா மூடலை?" என்றார்.

"நிலா அன்னைக்குக் கொஞ்சம் தூரத்துல இருந்துச்சாம் சார்."

"பக்கத்துல வரச் சொல்லி யாராவது பேசினீங்களா?"

"நிலாகிட்டயா சார்?"

"யார்கிட்டயோ. பேசினீங்களா, இல்லையா?"

"இல்லை சார்."

"அதான் குறை. ஒருங்கிணைப்பு இல்லை" என்று அதிகாரி வருத்தத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. விடுவிக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணமும் கிடையாது. கையெழுத்துப் போட்டால் அடுத்த தணிக்கையில் அந்த ஓரம் தன் தலையில் வந்து விழும் என்ற பயம்தான். அதனால் ஒரு குழு போட்டார். அதில் தணிக்கையாளரும், பல்கலைக்கழகத்திலிருந்து வானியல் பேராசிரியர் ஒருவரும் இருந்தார்கள். அம்மாவும் இருந்தார், குற்றவாளி என்ற முறையில்.

பேராசிரியர் பாவம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக் கொடுத்தார். நிலா பூமிக்குக் கிட்டேயும் வரும், எட்டியும் போகும். எட்டி இருக்கும்போது சின்னதாகத் தெரியும். அப்போது அது சூரியனுக்கு முன்னால் வந்தால், சின்னப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனுக்குக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மாதிரி, ஓரம் வெளியே தெரியத்தான் செய்யும்.

"அளவு சரிபார்க்காம எப்படி ஏத்துக்கிட்டீங்க?" என்று தணிக்கையாளர் அம்மாவைப் பார்த்தார்.

பேராசிரியர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். கிரகணங்களுக்குக் குடும்பங்கள் உண்டு என்றார். ஒரு குடும்பத்தில் பதினெட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கிரகணம் வரும், ஏறக்குறைய அச்சில் வார்த்த மாதிரி. ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பூமி சுழன்றுவிடுவதால், நிழல் உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போய் விழும். மூன்று சுற்று வந்தால்தான் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

"அப்ப நம்மளுது?" என்றார் அதிகாரி.

"போன வருஷமே திரும்பி வந்தாச்சு. கடலுக்கு அந்தப் பக்கம்."

"நம்ம எல்லையை விட்டுப் போயிருக்கு. இடமாறுதல்."

"ஆணை யார் போட்டது?" என்றார் தணிக்கையாளர்.

பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் பதில் சொல்லவில்லை. கடைசியில், இந்த மாதமே வேறொரு குடும்பத்துக் கிரகணம் இதே ஊரில் தெரியப்போவதாகச் சொல்லிவைத்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. எந்தக் குடும்பமாக இருந்தால் என்ன, அதை முழுசாக மூடி இதற்கு ஈடுகட்டிவிடலாமே. அதுவும் வளையம்தான் என்று பேராசிரியர் சொன்னதும், மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்றுபோனது.

பிறகு ஆளுக்கு ஒரு யோசனை. பெரிய தார்ப்பாய் கட்டலாமா என்றார் ஒருவர். வளையம் தெரிகிற நேரத்தை மட்டும் மதிய உணவு இடைவேளையாக அறிவித்தால் அரசுக் கண்ணுக்கு அது நடக்காததாகிவிடும் என்றார் இன்னொருவர். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சம்பந்தியம்மாவாகத்தான் இருக்கும். மகளின் மாமியாரான அந்த அம்மாவுக்கு அரசாங்க அலுவலகம் என்றாலே இளக்காரம். "உங்க ஆபீஸ்ல செத்தவனையே ஒரு கையெழுத்துப் பாக்கின்னு திரும்பக் கூப்பிடுவாங்களே, உங்களை எங்க விடப்போறாங்க" என்று முதல் நாள்தான் குத்திக்காட்டியிருந்தார்.

அம்மா வாழ்நாளில் அலுவலகத்தில் எரிந்து பேசியதில்லை. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா முழு இருட்டுதானே சார். வேலை முடிஞ்சுது."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மெதுவாக எழுந்து நின்றார்.

"மேடம், இதுதான் புதுமை."

தணிக்கையாளர் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, மறைப்பது என்றுதான் பழைய குறிப்பில் இருக்கிறதே தவிர எதைக் கொண்டு மறைப்பது என்று இல்லை, ஆகவே இமைக்குத் தடையில்லை என்றார். பேராசிரியர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். விழா மேடையில் அவருக்கு முதல் வரிசை நாற்காலி என்று அதிகாரி சொன்னார். பேராசிரியர் வாயை மூடிக்கொண்டார். அவர் மூடியதைத்தான் அந்தத் திட்டத்தின் தொடக்கம் என்று சொல்ல வேண்டும்.

இதற்குள் ஊரில் வளைய மோகம் பிடித்து ஆட்டியது. பெண்பிள்ளைகள் தோளைத் தொடுகிற வளையங்களைக் காதில் மாட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரர் பன்னின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, எடுத்ததற்கும் சேர்த்து விலை வைத்தார். முடிதிருத்துகிறவர் உச்சியைச் சிரைத்து ஓரத்தை விட்டு 'வளைய வெட்டு' என்று பலகை மாட்டினார். தலைமுறை தலைமுறையாக வழுக்கை விழுந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதல் தடவையாகத் தெருவில் மரியாதை கிடைத்தது. கிரகணம் பார்க்கிற கறுப்புக் கண்ணாடி வீட்டுக்கு நாலு என்று விற்றது. மூடிய கண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை என்று அலுவலகம் அறிவித்ததும், ஜனங்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

கிரகணத்தன்று காலையில் மருமகன் கூப்பிட்டார். வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மகள் போனை வாங்கி, "அம்மா, எங்கம்மா இருக்க?" என்று மட்டும் கேட்டாள். அம்மா உடனே, "இதோ கண்ணு, ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சுது, கிளம்பிடுவேன்" என்றார். மகளுக்கு அது ஆறுதலாகப் பட்டிருக்கும். அம்மா சொன்னதோ அலுவலக விவரம்.

மைதானம் நிரம்பி வழிந்தது. வெயில் மங்கி, நிழல்களின் ஓரமெல்லாம் கத்தியால் சீவியது மாதிரி கூர்மையானது. ஒலிபெருக்கியில் அதிகாரியின் குரல் வந்தது: "பொதுமக்கள் கவனத்திற்கு. நிலா முழுமையாக உள்ளே நுழைந்துவிட்டதால், அனைவரும் கண்களை மூடிப் பணியை நிறைவு செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

ஊரே கண்ணை மூடியது. அப்படி ஒரு அமைதி. அம்மாவும் மூடினார். தினமும் காலையில் மூடினால் உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். அதிகாரி சொல்லி மூடியபோது ஒருவரும் இல்லை. 'சாமி, என் பிள்ளை பத்திரம்' என்று சொல்லிப் பார்த்தார். அப்போது பையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஆணையாவது ஒன்றாவது என்று கண்ணைத் திறந்து எடுத்துப் பார்த்தார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஈரத்துக்குள்ளேயே கொஞ்சம் வலியும் இருந்தது. பக்கத்தில் இருப்பேன் என்று சொன்ன நேரத்தில், இங்கே வெட்டவெளியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஆஹா" என்று தோளுக்குப் பின்னால் ஒரு குரல். தணிக்கையாளர். "பொறுப்பாளரே கண்ணைத் திறந்துட்டீங்க. ஒரு ஜோடிக் கண் விடுபட்டுப் போச்சு. கிரகணம் முழுமையில்லை."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "நான் திறந்ததை நீங்க எப்படி சார் பார்த்தீங்க?"

"அவர் ஆரம்பத்துலேர்ந்தே திறந்துதான் வச்சிருந்தார், நான் பார்த்தேன்" என்று மேடையிலிருந்து பேராசிரியர் சாட்சி சொன்னார். பேராசிரியர் பார்த்ததை அதிகாரி பார்த்திருந்தார். அதிகாரி ஓரக்கண்ணால் பார்த்ததை முன்வரிசையே பார்த்திருந்தது. முன்வரிசையைப் பின்வரிசை பார்த்திருந்தது. ரொட்டிக்கடைக்காரர் முடிதிருத்துகிறவரையும், முடிதிருத்துகிறவர் தன் மச்சானையும் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். எவன் திறக்கிறான் என்று பார்ப்பதற்காக ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். மேலே மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. இதைப் பேசி முடிப்பதற்குள் வளையம் வந்து, நின்று, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு போயேவிட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார். "சார், எனக்குப் பேத்தி பிறந்திருக்கா. என்னை விட்டுடுங்க."

அதிகாரிக்கும் மனசு இளகியது. ஆனால் அந்த ஓரம் இன்னும் அப்படியே இருக்கிறதே. பேராசிரியர் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. பழைய கிரகணம் மூன்றாவது சுற்றில் இதே பக்கம் வரும். அதற்கு இன்னும் முப்பத்தைந்து வருஷம். அதுவரைக்கும் இந்தப் பொறுப்பை யாராவது வைத்திருந்தால் போதும்.

"வாரிசு யாராவது உண்டா மேடம்?"

"ஒரே மகதான் சார்."

"அப்ப அவங்களுக்கே ஓய்வு வயசு தாண்டியிருக்கும்." அதிகாரி யோசித்தார். "பேத்திக்கு என்ன வயசு?"

"ஒரு மணி நேரம் சார்."

"வயசு பொருந்துது" என்றார் தணிக்கையாளர். "அனுபவம்தான் இல்லை."

"பயிற்சி கொடுத்துக்கலாம்" என்றார் அதிகாரி. பயிற்சியில் அவருக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

பொறுப்பைப் பேத்தியின் பேருக்கு மாற்றும் தாளில் அம்மா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் படிக்காமல் போட்ட முதல் கையெழுத்து அது. விடுவிப்பு ஆணையை வாங்கிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது மகள் சோர்ந்து படுத்திருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டார்.

"வளையம் எப்படிம்மா இருந்துச்சு? இங்க எல்லாரும் அதையே பேசுறாங்க" என்றாள் மகள்.

"நான் பார்க்கலைடி."

"அங்கதான இருந்த?"

"அங்கதான் இருந்தேன்" என்றார் அம்மா. வேறென்ன சொல்ல. குழந்தையை மடியில் வாங்கி, நெற்றியில் கைவைத்துக் கண்ணை மூடினார். உள்ளே இப்போது யாரோ இருந்தார்கள்.

இதற்குள் சம்பந்தியம்மா, கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த ஆணையை உருவிப் படித்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, விட்டுட்டாங்களே. உங்க ஆபீஸ்காரங்க..." என்று தொடங்கியவர் கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். அம்மா தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார். பிறந்த குழந்தையின் தலையில் ஒரு கிரகணத்தைக் கட்டிவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியது.

அடுத்த கட்டிலில் பிள்ளை பெற்றிருந்தவள், "பொறந்த அன்னைக்கே சர்க்கார் வேலை, குடுத்து வச்ச குழந்தை" என்று பெருமூச்சு விட்டு, பக்கத்தில் வெறுமனே நின்றுகொண்டிருந்த தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். மருமகன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார், யார் காதிலாவது விழுந்து போட்டிக்கு வந்துவிடப் போகிறார்கள் என்று.

சம்பந்தியம்மா ஆணையை நாலாக மடித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு அம்மாவின் காதருகில் குனிந்து, மரியாதையோடு கேட்டார்:

"சம்பந்தி, இது நிரந்தரமா, தற்காலிகமா?"