நாலு மணிக்கு வருகிற அம்மா

உலகத்தில் எத்தனையோ அம்மாக்கள் பிள்ளையின் டீச்சரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த டீச்சராகவும் தானே இருந்துகொண்டு சண்டை போட்டவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். மட்டாஞ்சேரியில் அவரை பெல் மாமி என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜூ டவுனுக்குப் பின்னால், குடோன்களுக்கு நடுவே ஒரு சந்து. அங்கே மாமி வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. கம்பெனி சந்து முனையிலேயே இருந்ததால் பகலிலும் அறைக்கு வந்து போவேன். காலையில் கண் விழித்தால் முதலில் மிளகு வாசனை, அடுத்து ஒரு தும்மல், அப்புறம்தான் பல் தேய்ப்பது எல்லாம். மாமி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கணவர் விஸ்வம் மாமா மிளகு குடோனில் எடை போடுகிறவர். ஆறு வயதில் ஒரே மகள், கௌரி.

கௌரியைப் பெண் குழந்தை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரமே ஜன்னல் வழியாக இறங்கி, போட் ஜெட்டிக்கு நடந்து, எர்ணாகுளம் போகிற போட்டில் ஏறி முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். போட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்து ஒப்படைத்தார். அடுத்த வாரம் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டியின் உச்சியில் அமர்ந்து பஜாரை வலம் வந்தாள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரீ. எல்லோரும் அவரை மதர் என்பார்கள். அவர் மாமியைக் கூப்பிட்டு, ஒரு வருடம் வீட்டிலேயே வைத்து ஓரிடத்தில் உட்காரப் பழக்குங்கள், பிறகு கொண்டுவாருங்கள், கேள்வி கேட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விஸ்வம் மாமாவுக்குக் கோயம்புத்தூரில் ஓர் அக்கா. அந்த அம்மாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. "அடுத்த வருஷமும் எடுத்துக்கலேன்னா கோயம்புத்தூர்தான். நான் அக்காகிட்டே சொல்லியாச்சு" என்று மாமா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மாமா தீர்மானமாகப் பேசுவது அபூர்வம். அதனால்தான் மாமி பயந்துபோனார். ஹாஸ்டல் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கே கௌரியை உட்காரவைத்துப் பாடம் ஆரம்பித்தார். எழுது என்றால் பசிக்கிறது என்பாள். படி என்றால் அம்மாவின் மடியில் ஏறி, தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அப்படிச் சாய்ந்த குழந்தையை அதட்ட மாமிக்கு வாய் வராது. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு மாமி மாடிப்படி அடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவ அம்மா சொன்னாக் கேக்கமாட்டா. ஒரு டீச்சர் வரணும். நாளைக்குத் தொட்டு வரா."

நல்ல காரியம் என்றேன். யார் அந்த டீச்சர் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வீட்டு முன்புறம் கூரை இறவாணத்தில் ஒரு பழைய தராசுத் தட்டு தொங்கியது. குடோனில் கழித்துப் போட்டது. மாமி உலக்கைப் பூணால் அதை ஓங்கித் தட்டினார். சந்து முழுக்க அதிர்ந்தது. தட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய், குடோனைச் சுற்றிக்கொண்டு, முன்வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். தலைப்பு இழுத்துச் செருகியிருந்தது. மூக்கில் கண்ணாடி, கையில் குடை.

"குட் மார்னிங் கௌரி."

கௌரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றாள்.

அதோடு சரி. பத்து மணி முதல் நாலு மணி வரை அந்த வீட்டில் அம்மா கிடையாது. டீச்சர்தான். நாலு மணிக்கு டீச்சர் குடையோடு முன்வாசல் வழியாகக் கிளம்பிப் போவார். சற்றுப் பொறுத்துப் பின்வாசல் வழியாக அம்மா வந்து, "கொழந்தே, பாலு குடிச்சயோ?" என்பார். ஜூன் மாதத்து மழையிலும் இந்தச் சுற்று நிற்கவில்லை. டீச்சர் தினமும் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தார்.

"மாமி, மழையில ஏன் சுத்தணும்? அடுக்களையிலேருந்து நேரா கூடத்துக்கு வந்தாப் போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெப்படி தம்பி, டீச்சர் எங்கேயானும் அடுக்களையிலேருந்து வருவாளோ?"

நான் என் குடையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினேன்.

அந்த மணியால் மெல்ல மெல்லச் சந்தே ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது. மதிய மணி அடித்தால் குடோன் சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார்கள். ஒருநாள் டீச்சர் அசந்த நேரத்தில் கௌரி ஓடிப்போய் மணியைத் தட்டிவிட்டாள். பதினொரு மணிகூட ஆகவில்லை. குடோனில் வேலை நின்றது. அத்தனை பேரும் பசிக்காமலேயே சாப்பிட்டு முடித்தார்கள். முதலாளி வந்து கடிகாரத்தைக் காட்டினார். "சேட்டா, மணி அடிச்சல்லோ" என்று அவர்கள் சாதித்தார்கள். முதலாளி தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு சாவி கொடுத்துக்கொண்டே போனார்.

சலவைக்காரர் ஒருநாள் பதினொரு மணிக்குத் துணி கொண்டுவந்தார். கதவைத் திறந்தவர் டீச்சர். "வீட்டுக்காரி இப்போ இல்லே. நாலு மணிக்கு மேலே வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வருஷக்கணக்காக அந்த வீட்டுக்கு வெளுக்கிற மனிதர் மூட்டையோடு அப்படியே நின்றார். பிறகு மாடிக்கு வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சார், மாமிக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது வந்திருக்காங்களா? அச்சு அசலா அவங்கதான், ஆனா கொஞ்சம் கோவக்காரங்க" என்றார். நான் ஆமாம் என்றேனா இல்லை என்றேனா, ஞாபகமில்லை. எதைச் சொன்னாலும் பாதி உண்மைதான்.

இதைவிட எனக்குத் தலை சுற்றியது மாலை நேரங்களில்தான். நாலு மணிக்கு அம்மா வந்ததும் கௌரி டீச்சரைப் பற்றிக் கோள் சொல்லுவாள்.

"அம்மா, அந்த டீச்சர் இன்னிக்கு என் காதைத் திருகினா."

"அப்படியா? கொழந்தையோட காதையா? நாளைக்கு வரட்டும். நான் கேக்கறேன்."

மறுநாள் காலை டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். "உங்கம்மா என்னை வழியிலே பிடிச்சுக் கண்டபடி பேசிட்டா. நான் என்ன வேணும்னா திருகினேன்?" என்பார். கௌரிக்குப் பாவமாகிவிடும். அன்று முழுக்கச் சமர்த்தாகப் படிப்பாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் குழந்தை விளையாடுகிறதா, நிஜமாகவே நம்புகிறதா என்று மாடியில் படுத்து நான் யோசித்துப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது. சில நாள் மாமியே நம்புகிறாரோ என்றுகூடத் தோன்றும்.

விஸ்வம் மாமா முதலில் ரொம்பச் சிரமப்பட்டார். வகுப்பு நேரத்தில் வீட்டுக்கு வந்து, "அடியே, என் வெத்தலைப் பெட்டி எங்கே?" என்று கேட்டுவிட்டார். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேரண்ட்ஸ் எல்லாம் கிளாஸ் நேரத்துலே உள்ளே வரப்படாது சார்." மாமா தன் வீட்டு வாசலில் தானே நின்றுகொண்டு, உள்ளே போகலாமா என்று என்னிடம் கேட்டார். ஆனால் மனிதர் சீக்கிரம் தேறிவிட்டார். ஒருநாள் டீச்சர் கிளம்புகிற நேரம் பார்த்து வாசலில் வணக்கம் போட்டு, "டீச்சர், ஆத்திலே கொஞ்ச நாளா சாம்பார்லே உப்பு ஜாஸ்தி. நான் சொன்னா அவ சண்டைக்கு வரா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா" என்றார். டீச்சர் யோசித்துவிட்டு, பார்க்கறேன் என்றார். அன்று ராத்திரி உப்பு சரியாக இருந்ததாம். மாமா பல வருஷக் குறைகளை இப்படித்தான் தீர்த்துக்கொண்டார்.

வருடம் ஓடியது. மதரிடம் போகிற நாள் வந்தது. மதர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று மாமா நழுவிவிட, நான் துணைக்குப் போனேன். மாமி பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, அம்மாவாகவே வந்திருந்தார். தப்பு அங்கேதான் நடந்தது.

மதர் ஒரு மலையாளப் புத்தகத்தைப் படிக்க நீட்டி, "இதொண்ணு வாயிக்கூ மோளே" என்றார்.

கௌரி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் மடியில் ஏறித் தோளில் சாய்ந்தாள். "பசிக்கறது" என்றாள்.

மதர் ஒரு சின்னக் கூட்டல் கேட்டார். கௌரி அம்மாவின் வளையலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மாமியின் முகம் வேர்த்துவிட்டது. "சொல்லுடி கண்ணே, உனக்குத் தெரியுமேடி" என்று கெஞ்சினார். கௌரி காதில் வாங்கவில்லை. மதர் நல்ல மனுஷி. புத்தகத்தை மூடிவிட்டு, "சாரமில்லா. ஒரு வருஷம் கூடி கழியட்டே" என்றார். பரவாயில்லை, இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்கிறார். மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோயம்புத்தூர் ரயில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கௌரி அமைதியாகச் சொன்னாள். "அம்மாகிட்டே பாடம் சொல்லமாட்டேன். டீச்சர்கிட்டேதான் சொல்லுவேன்."

"டீச்சரோ? எவிடே டீச்சர்?" என்றார் மதர்.

"இன்னும் வரலே."

மதர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மாமி குழந்தையை நாற்காலியில் இறக்கிவிட்டு எழுந்தார். "ஒரு நிமிஷம் மதர். டீச்சரை அழைச்சுண்டு வந்துடறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நல்ல வெயிலில், பட்டுப்புடவையோடு, மாமி பள்ளிக்கூடக் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு வேகவேகமாக நடந்தார். போகிற போக்கில் தலையிலிருந்த பூவை எடுத்து இடுப்பில் செருகினார்.

"அவர் எங்கோட்டா போயது?" என்றார் மதர்.

"டீச்சரைக் கூப்பிடத்தான் மதர்" என்றேன். வேறென்ன சொல்ல?

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, டீச்சர் வந்து நின்றார்.

"குட் மார்னிங் கௌரி."

கௌரி நாற்காலியிலிருந்து குதித்து நிமிர்ந்து நின்றாள். "குட் மார்னிங் டீச்சர்." மதரும் பாதி எழுந்துவிட்டார். அவரும் ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் குழந்தை நிற்கவே இல்லை. மலையாளப் பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்தாள். கூட்டல் சொன்னாள், கழித்தல் சொன்னாள், கேட்காமலேயே வாய்ப்பாடு சொன்னாள். மதர் கடைசியில் அவளைப் பக்கத்தில் இழுத்து, "மோளுடெ அம்மா இனி எப்போழா வருகா?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு" என்றாள் கௌரி.

மதர் மாமியை வெகுநேரம் பார்த்தார். இடம் உண்டு, பள்ளி திறந்ததும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்கவில்லை. கோயம்புத்தூர் ரத்தானது. வெளியே வந்து மாமி அழுதார், சிரித்தார். கடையில் எனக்கென்று ஒரு சாயா சொல்லி, அதையும் தானே குடித்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் கௌரி ஜன்னல் பக்கமே போகவில்லையாம். சாயங்காலம் பையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்தில் தேடினாள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன்.

"அம்மா, டீச்சர் இன்னிக்கு வந்தாளோ?"

மாமி பால் டம்ளரோடு நின்றுவிட்டார். இதற்கு அவர் தயாராக இருக்கவில்லை. "டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுத்துடி கண்ணே. வேறே ஊருக்கு" என்றார்.

கௌரி முன்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கியது. "தனியாவா போனா? பாவம்மா. அவளுக்குக் கொழந்தைகூடக் கெடையாதே."

மாமி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து மகளை இழுத்துக் கட்டிக்கொண்டார். மகள் டீச்சரை நினைத்து அழுதாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதது அம்மாவா டீச்சரா என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்தான். அந்த டீச்சர் அந்தச் சந்தை விட்டுப் போனதில் எனக்கும் துக்கமாக இருந்தது. அதில் மட்டும் குழப்பமே இல்லை.