அம்மாவுக்கு ஒத்துக்காது

தாய்மேல் பாசம் உள்ள பிள்ளைகளில் பல வகை உண்டு. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள், மாசத்துக்கு ஒருமுறை சேலை எடுத்துக் கொடுத்து ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள், பெண்டாட்டி இல்லாத நேரத்தில் மட்டும் பாசமாக இருப்பவர்கள். நான் உங்களுக்குக் காட்டப்போகிறவர் இதில் எதிலும் சேராத தனி இனம். 'அம்மாவுக்கு ஒத்துக்காது' ஆசாமி என்று அவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எந்த ஊரிலும் நாலு பேராவது இருப்பார்கள். பழனியில் கொஞ்சம் கூடுதல்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் பாகற்காய் வைக்க வருகிறவனிடம், "அம்மாவுக்கு ஒத்துக்காதுப்பா, போ போ" என்று கையால் இலையை மறைப்பார். அம்மா அந்தப் பந்தியிலேயே இருக்கமாட்டார். மறைத்தது தன்னுடைய இலையை.

என் கடைக்கு எதிர்க்கடை ஞானவேல் இந்த இனத்தில் முதல் தரம். மலையடிவாரத்தில் விபூதி, சந்தனம், பஞ்சாமிர்தம் வியாபாரம், வயசு நாற்பது. அவருடைய அம்மா விசாலாட்சியம்மாளுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த அம்மாள். அவர் ஒரு குரல் கொடுத்தால், பத்துப் படி ஏறினவன்கூட இறங்கி வந்து பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு போவான். கூட்டம், மேளம், காவடி, சண்டை, பிள்ளைகள் அழுகை எல்லாம் அவருக்குச் சாப்பாடு மாதிரி.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆவணியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய தங்கை கந்தம்மாள் இலங்கையில் கண்டியில் ஒரு கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அக்காவும் தங்கையும் பார்த்து இருபத்திரண்டு வருஷம். "அக்கா, எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. இனித் தேறாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. உன் மூஞ்சி தெரியிறப்பவே ஒரு நடை வந்துட்டுப் போ" என்று மகனை விட்டு எழுதச் சொல்லியிருந்தார்.

விசாலாட்சியம்மாள் அன்று சாயங்காலமே மூட்டை கட்டிவிட்டார்.

பாசமுள்ள பிள்ளை இப்போது என்ன செய்வார்? டிக்கெட் வாங்குவார் என்கிறீர்களா? உங்களுக்குப் பாசம் என்றால் என்னவென்றே தெரியாது. விசாரிப்பார்!

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னாரில் இறங்க இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்காது. அந்த இரண்டு மணி நேரத்தை அம்மா அமைதியாகவும் சௌகரியமாகவும் கழிக்கவேண்டுமே என்று ஞானவேல் ஒண்ணே முக்கால் வருஷம் விசாரித்தார். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, ஒரே ஒரு தடவை ராமேஸ்வரம் போய்வந்த முத்திரைத்தாள் விற்பவர், இலங்கையிலிருந்து காவடி எடுத்து வந்தவர்கள் என்று அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்து, எந்த மாசத்தில் கடல் ஆடாமல் கிடக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் புகை அடிக்காது, மேல்தட்டில் காற்று எப்படி, கீழ்த்தட்டில் எண்ணெய் வாடை எப்படி, கருவாட்டுக் கூடையோடு யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்களா, கைக்குழந்தைகளை வேறு நாளில் ஏற்றக்கூடாதா என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் கப்பல் பயணமே வெறுத்துப்போகும்படி செய்துவிட்டார். அதற்குள் கப்பல் புறப்படும்போது ஊதும் என்று யாரோ சொல்லித் தொலைத்துவிட்டான். "ஊதுமா? ஐயையோ, அம்மாவுக்கு ஒத்துக்காதுங்களே!" பங்குனி உத்திரத்தில் நாலு செட் நாதசுரத்துக்கு நடுவில் தூங்கி எழுந்த அம்மாள் அவர்.

ஊதாமல் கப்பலை எடுக்க முடியுமா என்று கப்பல் ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டார். நான் கதை கட்டவில்லை. அதைத் தபாலில் போட்டவனே நான்தான். பதில் வரவில்லை. "பாத்தீங்களா? பொறுப்பே இல்ல. இவங்களை நம்பி அம்மாவை எப்படிங்க ஏத்துறது?" என்றார் என்னிடம்.

"ஏலே, நான் என்ன கப்பலையா பாக்கப் போறேன்? கந்தம்மாளைப் பாக்கப் போறேன். மூட்டை கட்டுனது கட்டுனபடி கெடக்கு" என்றார் அம்மாள்.

இதற்கிடையில் இரண்டாம் கடிதம். "இப்பல்லாம் ஆளு வந்தா நெழலாத்தான் தெரியுதுக்கா." அதைப் படித்து ஞானவேல் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு, "இன்னும் நல்லா விசாரிக்கணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் விபூதித் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தண்ணீர்ப் பயணம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கொடைக்கானல் ஏரியில் ஒத்திகை பார்ப்பது! சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். ஐம்பத்துநாலு வைகாசியில் வெள்ளனே புறப்பட்டு, வத்தலக்குண்டு போய் மலை பஸ் ஏறினோம். அம்மாவுக்காக நாலு எலுமிச்சம்பழம் வாங்கினார், முகர்ந்தது அவர். அம்மாவுக்கு ஜன்னல் காற்று ஒத்துக்காது என்று ஜன்னல் சீட்டைத் தான் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அம்மாள் எட்டி எட்டிப் பள்ளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிள்ளை கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் படகு பொறுக்கவே ஒரு மணி நேரம். இது குறுகல், அது ஈரம், இதில் மெத்தை இல்லை, அதற்குப் பக்கத்துப் படகில் காலேஜ் பையன்கள் பாடுகிறார்கள். பிறகு படகுக்காரர் அதிகம் பேசாதவராக இருக்கவேண்டும் என்றார். மன்னவனூர்க்காரர் மலைச்சாமி என்று ஒருவர் நின்றிருந்தார். "வாயைக் கட்டிக்கிட்டே துடுப்புப் போடுறேன் சார். வெரசா ஏறுங்க, மழை வருது" என்றார்.

பத்துத் துடுப்புத்தான் விழுந்திருக்கும். ஞானவேலின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் மனுஷர் படகின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அம்மாள் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, ஏரிக்கரையில் வாங்கி இன்னொரு கையில் வைத்திருந்த காரட்டைக் கடித்துக்கொண்டே, மலைச்சாமிக்கு எத்தனை பிள்ளைகள், மன்னவனூரில் குளிர் எப்படி, பூண்டுக்கு மழை போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஞானவேல் நிமிர்ந்தார். வாயைத் துடைத்தார்.

"படகைத் திருப்புப்பா. அம்மாவுக்கு ஒத்துக்கல."

மலைச்சாமி அம்மாளைப் பார்த்தார், காரட்டைப் பார்த்தார். "சார், வாந்தி எடுத்தது நீங்கல்ல?"

"அம்மா எடுக்குறதுக்குள்ள திருப்புங்கிறேன்!"

கரைக்கு வந்ததும் அம்மாள் எழுந்திருக்கவில்லை. "ஏலே, நீ எறங்கி ஒரு சோடா வாங்கிக் குடி. தம்பி, நீ ஓட்டு. எனக்கு ஒரு சுத்து முழுசா வேணும்" என்றார். நானும் படகிலேயே இருந்துகொண்டேன். ஏரி நடுவில் வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இவன் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ கண்ணு முழுக்கப் போயிரும். பாஸ்போர்ட்டுக்கு நீ எழுதித் தர்றியா தம்பி?"

"எழுதித் தர்றேங்கம்மா. ஆனா கூட்டம் இல்லாத நாளாப் பாத்து..."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று ஒரு பார்வை பார்த்தார்.

பழனிக்குத் திரும்பிய ஞானவேல், தெருவெல்லாம் செய்தி பரப்பினார். "ஏரியே அம்மாவுக்கு ஒத்துக்கலைங்க, கடல் எப்படிங்க?" பாவம் என்று நாலு வீட்டிலிருந்து சுக்குக் கஷாயம் வந்தது. அம்மாள் எல்லாவற்றையும் வாங்கிக் குடித்துவிட்டு, என் கடையில் வந்து உட்கார்ந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்போர்ட் மார்கழியில் வந்தது. தைப்பூசத்துக்கு இலங்கையிலிருந்து காவடியோடு வந்திருந்த முப்பது பேர் ஊர் திரும்பினார்கள். பிள்ளைகள், உருமி மேளம், அண்டா குண்டாவோடு ஒரு பெரிய பட்டாளம். விசாலாட்சியம்மாள் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஸ்டேஷனில் ஞானவேல், "ஒரே கூட்டமா இருக்கேம்மா, உங்களுக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் நல்லவேளையாக ரயில் நகர்ந்துவிட்டது.

ஒரு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. ஞானவேல் கடையில் வைத்துப் படித்தார், நானும் கேட்டேன். "கப்பல்ல நிக்க எடமில்ல. பிள்ளைக அழுகை, உருமிச் சத்தம், யாரோ கருவாட்டுக் கூடையை என் மடியில வச்சுட்டாக. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கந்தம்மாளுக்குக் கார்த்திகையோட பார்வை சுத்தமாப் போயிருச்சாம். என் மூஞ்சியை ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாத்தா. ஏக்கா, இம்புட்டுச் சுருக்கமா விழுந்திருச்சுன்னு கேட்டா."

கார்த்திகை. அம்மாள் போய்ச் சேர ரெண்டே மாசம் முந்தி! ஞானவேல் கடிதத்தை மடித்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

"தங்கச்சியை அந்த நெலமையில பாக்குறது அம்மாவுக்கு ஒத்துக்காதுங்க. அதுக்குத்தான் நான் அப்பவே யோசிச்சேன்" என்றார்.

சிரிக்கிறீர்களா, பல்லைக் கடிக்கிறீர்களா? எதுவானாலும், இதைப் படிக்கும்போது உங்கள் மைத்துனரோ பங்காளியோதான் ஞாபகத்துக்கு வந்திருப்பார். வரட்டும். அவரிடம் இதை நீட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம், 'எங்கேயாவது போகணுமாம்மா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் ஏதாவது ஒரு ஊர் பெயரைச் சொல்லுவார். அதைக் கேட்டதும் உங்கள் வாயில் முதலில் வருவது அந்த ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்பதா, இல்லை அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்பதா?