பத்தொன்பது அங்குலம்

நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள், சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். மனித குலத்தின் ஆகப் பெரிய முடிவு வட மினசோட்டாவில், எங்கள் பைக்பெர்க் ஊர் நூலகத்தின் மாடியில், ஒன்பது கூட்டங்களுக்கும் பதினான்கு தட்டு ஹாட்டிஷ் சாப்பாட்டுக்கும் பிறகு எடுக்கப்பட்டது. அதை எடுத்த தேர்வுக் குழுவின் செயலாளர் அடியேன். பெயர் வெர்ன்.

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் எங்கள் ஏரி உறைந்ததும், அதன்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்போம். ஐஸ் எத்தனை அங்குலம் என்று தெரியாமல் போகிறவன் வண்டியோடு உள்ளே போவான். அதனால் எங்கள் ஊர்ப் பெண் லூவான் தினமும் காலையில் ஏரிக்குப் போய், துளைத்து, அளந்து, தன் இணையதளத்தில் போடுவாள். தளத்தில் இருப்பது ஒரே ஒரு எண். அதன் கீழே, 'அளந்தவர்: லூவான்'. தளம் ஓடும் கணினி அவள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் மாநிலத்துப் பெருநகரமான மினியாபொலிஸ்காரர்களும் பார்க்க ஆரம்பித்ததும், சனிக்கிழமை தோறும் தளம் படுத்துவிடும்.

"படுக்குதுன்னா வளருதுன்னு அர்த்தம்!" என்றார் ஹார்லன். ஹார்லன் எங்கள் சுற்றுலாக் கழகத்தின் தலைவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து லூவானோடு படித்தவர். உடனே கழகம் அந்தத் தளத்தைத் 'தத்தெடுத்தது'. தளத்தின் நகலை ஊர் ஊராக வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு அருகிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் குழுவும் அமைத்தது.

முதல் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வந்ததும் வராததுமாக, "உங்க தளத்தை யாரு பாக்கறாங்க?" என்று கேட்டார்.

"ஏரியச் சுத்தி இருக்கறவங்கதான்" என்றாள் லூவான்.

"அப்ப மினியாபொலிஸ்ல ஒரு நகல் போதும். நிமிஷத்துக்கு ஒருதரம் புதுசு பண்ணிக்கலாம்."

இப்படியும் ஒரு தொலைநோக்கு இல்லாத ஜென்மமா! ஒருமனதாக நிராகரித்தோம்.

அடுத்து வந்தவர் உலக வரைபடத்தை விரித்தார். நகல் வைக்க முந்நூற்றுப் பத்துப் புள்ளிகள்! ஆளுக்கு ஒரு ஜோடி காலுறையும் கொடுத்தார். "சிங்கப்பூர்ல ஒருத்தர் உங்க ஏரியப் பத்திக் கேட்டா, கண் சிமிட்டறதுக்குள்ள பதில் போயிரும்."

ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சிங்கப்பூர்லேர்ந்து எவன்டா இங்க மீன் பிடிக்க வர்றான்?" என்றாள் லூவான்.

"வருவான் லூவான். அவன் வர்றப்ப நாம தயாரா இருக்க வேண்டாமா?"

"நகலை எத்தனை நாள் வெச்சுக்கலாம்?" என்று நான் கேட்டேன். செயலாளர் என்றால் சும்மாவா?

"எவ்வளவு நாளோ அவ்வளவு நல்லது சார். மூலத்தைத் தொந்தரவு பண்ணாம நகல்லேர்ந்தே கொடுத்தா 'வெற்றி விகிதம்' ஏறும். தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பதைத் தாண்டினா கேடயம் உண்டு."

"ஒரு வருஷம் வைங்க!" என்றார் ஹார்லன்.

"ஐஸ் தினம் மாறுமே, ஹார்லன்" என்ற லூவான், யாரும் காதில் வாங்காததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ம்... வித்தியாசமாத்தான் இருக்கு."

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. நான் கூட்டக் குறிப்பில், 'லூவான் புதுமையைப் பாராட்டினார்' என்று பதிவு செய்தேன்.

அவசரத்துக்கு நகலை அழிக்கவும் வழி வைத்தோம். படிவம் ஏழு. தலைவரோ செயலாளரோ, யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். இதைவிட எளிய நடைமுறை உண்டா?

பிப்ரவரியில் தொடங்கினோம். அன்றைய எண் பத்தொன்பது. மார்ச்சில் பதினொரு நாள் விடாமல் வெயில் அடித்தது. லூவான் தன் கணினியில் எண்ணை மாற்றிக்கொண்டே வந்தாள். தளமோ பத்தொன்பதில் அசையாமல் நின்றது. அப்படி ஒரு நிலைத்தன்மை!

வியாழக்கிழமை காலை படிவம் ஏழைப் பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டாள். "வெர்ன், அஞ்சு அங்குலம்தான் இருக்கு. தளத்துல இன்னும் பத்தொன்பது. ஒரு கையெழுத்துப் போடு."

"திங்கட்கிழமை கேடயம் அறிவிக்கறாங்க. இப்ப அழிச்சா விகிதம் இறங்கிடுமே."

"யாராவது செத்துப்போவான், வெர்ன். கீழ என் பேரு இருக்கு."

தலைவர் இருக்கும்போது செயலாளர் முந்திக்கொள்வது மரியாதையா? "அவரையே கேட்டுடு" என்றேன். ஸ்பீக்கரில் ஹார்லனுக்குப் போன் போட்டாள்.

"லூவான்! ஏரியில வண்டிய எறக்கிட்டு இருக்கேன். புது வண்டி!"

"எறக்காதடா! அஞ்சு அங்குலம்தான் இருக்கு! இப்பத்தான் அளந்துட்டு வர்றேன்!"

"தளம் பத்தொன்பதுங்குதே."

"தளத்துல எழுதறதே நான்தான்டா!"

"அதான் உன் பேரு போட்டிருக்கே. 'அளந்தவர்: லூவான்.' உன்னை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்?"

போனில் ஏதோ முறிகிற சத்தம். பிறகு ஹார்லனின் குரல்: "லேசா ஈரமா இருக்கு."

எங்கள் ஊரில் இதற்கு 'ஐயோ, காப்பாத்துங்க' என்று பொருள். லூவான் ஏணியோடும் கயிற்றோடும் ஓடினாள். நான் படிவத்தோடு ஓடினேன். நல்லவேளை, கரையோரம்தான். வண்டி ஜன்னல் வரைக்கும் தண்ணீரில் நிற்க, அதன் கூரைமேல் தலைவர் உட்கார்ந்திருந்தார். பல் கிடுகிடுக்க, போனைத் தூக்கிக் காட்டினார். "பாரு, இன்னும் பத்தொன்பதுதான்! எவ்வளவு வேகமாத் தொறக்குது!"

லூவான் ஐஸ்மேல் குப்புறப் படுத்து, ஏணியைத் தள்ளிக்கொண்டே போனாள். அவளுக்கடியிலும் ஐஸ் முனகியது. "போனை விட்டுட்டுக் கையக் குடுடா, மடையா!" என்று கத்தினாள். அவர் கொடுத்தார். கரைக்கு வந்ததும், கம்பளிக்குள் சுருண்டபடி தன் புது வண்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

பத்தாவது கூட்டம் சம்பவத்தைத் தீர விசாரித்தது. தளத்தில் எந்தக் குறையும் இல்லை, ஏரிதான் தளத்துக்கு ஈடுகொடுக்கத் தவறிவிட்டது என்று முடிவானது. திங்கட்கிழமை கேடயமும் வந்தது. லூவான் ஏரிக்கரையில் ஒரு பலகையை நட்டு, எண்ணைச் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தாள். தளத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி வாரா வாரம் வருகிறாள். அதற்கும் படிவம் ஏழுதான் வேண்டும்.

இப்போது ஜூலை. பிள்ளைகள் ஏரியில் நீந்துகிறார்கள். சிங்கப்பூரில் யார் கேட்டாலும், கண் சிமிட்டுவதற்குள், ஐஸ் பத்தொன்பது அங்குலம், அளந்தவர் லூவான்.

அந்த வியாழக்கிழமைப் படிவத்தை விசாரணை அறிக்கையோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்து இடம் காலி. பேனா அன்று காலை முழுக்க என் சட்டைப் பையில்தான் இருந்தது.