வெர்லனுக்கு ஒரு சுற்று

பந்தயம் தொடங்கப் பச்சைக் கொடி அசைந்தபோது எமரி ஏக்கர்ஸ் ஓட்டிய அமரர் ஊர்தி இன்னும் பந்தயப் பாதைக்குள்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை கார்களும் ஒரே சமயத்தில் உறுமின.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். செவ்வாய்க்கிழமை காலமான வெர்லன், வர்ஜீனியாவின் அந்தச் செம்மண் பாதையில் ஸ்டாக் கார் பந்தயம் ஓட்டியே வாழ்நாளைக் கழித்தவர். கல்லறைக்குப் போகும் வழியில் அவரை அங்கே ஒரே ஒரு சுற்று கூட்டிப்போக வேண்டும் என்று அவர் மனைவி ஆர்டித் கேட்டார். அன்றைக்குப் பார்த்துப் பழைய கார்களின் பந்தயம். கார்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்தவை. ஓட்டுகிறவர்களும் ஏறக்குறைய அந்தக் காலத்து ஆட்கள்தான். எமரி முன்னால் மெதுவாக ஒரு சுற்று வர வேண்டியது, பின்வாசல் வழியாகக் கல்லறைச் சாலையில் இறங்கிவிட வேண்டியது, அப்புறம் பந்தயம்.

பின்வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அதைக் காக்கும் ஹாலிஸ், வண்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, சரியாக வாசலின் நடுவில் நின்று ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார்.

எமரி வண்டியை நிறுத்தினார். ஹாரன் அடிக்கலாமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்டித்திடம் கேட்டார்.

"ஜெபம் பண்றவரைப் பார்த்து ஹாரன் அடிச்சா நல்லாவா இருக்கும்? இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. அதுக்குள்ள ஆமென் சொல்லிடுவார்," என்றார் ஆர்டித்.

எமரி மறுபடி பாதைக்குத் திரும்பினார். கறுப்பு வண்டி வெளியே போனதும் கொடியை அசைக்க வேண்டும் என்று கொடிக்காரருக்கு உத்தரவு. வண்டி வாசல் பக்கம் போனதை அவர் பார்த்தார். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் அமரர் ஊர்தியை யாரும் முந்த மாட்டார்கள். எதிரே வருகிறவர்கள்கூட ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றுவார்கள். தாத்தா காலத்திலிருந்து இறுதிச் சடங்குத் தொழில் செய்கிற குடும்பத்து எமரிக்கு இது தெரியாதா? பின்னால் வருகிறவர்கள் பந்தயத்தையே விட்டுக்கொடுப்பார்களே தவிர, முந்திப் போக மாட்டார்கள் என்று அவருக்குப் பகீரென்றது. கண்ணாடியில் டூயியின் காபி நிறக் கார் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பாதையின் பழைய சாம்பியன் டூயி.

வழி விட்டுவிடலாம் என்று எமரி வலப்பக்கம் ஒதுங்கினார். டூயியும் வலப்பக்கம் வந்தார். எமரி இடப்பக்கம் ஒதுங்கினார். டூயியும் இடப்பக்கம் வந்தார்.

"நம்ம பின்னாலதான் வருவேன்னு வர்றார் பாருங்க," என்று ஆர்டித் கைக்குட்டையை எடுத்தார். "உயிரோட இருந்தப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுவத்துல மோதவிட்டவங்க."

எமரி வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து டூயியின் கார் லேசாக இடித்தது. சவப்பெட்டி வழுக்கி வந்து முன்சீட்டின் முதுகில் முட்டியது.

"சும்மா இருங்க," என்றார் ஆர்டித், திரும்பிப் பார்க்காமலே.

"என்னையா சொல்றீங்க?"

"இல்ல, அவரை."

எமரி ஜன்னல் கண்ணாடியை இறக்கி, முன்னால் போகும்படி கையை நீட்டி ஆட்டினார். உடனே டூயியும் கையை வெளியே நீட்டி, முஷ்டியை உயர்த்தி ஆட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக முஷ்டியை உயர்த்தினார்கள். இப்படியொரு கடைசி மரியாதையை எமரி பார்த்ததே இல்லை. பார்வையாளர் மேடையில் இருந்த கூட்டமும் எழுந்து நின்று தொப்பிகளைக் கழற்றியது.

பின்வாசலில் ஹாலிஸின் ஜெபம் இன்னும் முடிந்தபாடில்லை. இப்போது சாண்ட்விச் கடைக்காரரும், ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேரும் சேர்ந்து கைகோத்து வாசலையே அடைத்து நின்றார்கள்.

கல்லறையில் பாதிரியார் வெயிலில் காத்திருப்பார். சர்ச்சில் பெண்கள் செய்து வைத்த உருளைக்கிழங்கு சாலட் புளித்துக்கொண்டிருக்கும். எமரி ஒரு முடிவுக்கு வந்தார். வேகமாகப் போய்க் கூட்டத்தை ரொம்பத் தூரம் பின்னால் விட்டுவிட்டால், இறங்கி ஹாலிஸின் தோளைத் தட்ட நேரம் கிடைக்கும். ஆக்ஸிலேட்டரை அவர் வாழ்நாளில் மிதிக்காத அளவுக்கு மிதித்தார்.

பின்னால் வந்தவர்களும் மிதித்தார்கள்.

கூரையிலிருந்த லில்லி மலர் வளையம் பறந்துபோய் ஒரு காரின் மூக்கில் மாலையாக விழுந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்த கறுப்பு வண்டி செங்கல் நிறத்துக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் முன்னால் வேறு கார்கள் தெரிந்தன. பார்த்தால், அவை பந்தயத்தில் ஒரு சுற்றுப் பின்தங்கியவை. வேறு வழியில்லாமல் எமரி அவற்றை முந்தினார். ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தொப்பியை உயர்த்தினார்.

"திருப்பத்துல உள்பக்கமா ஒட்டிப் போங்க. அவர் அப்படித்தான் போவார்," என்றார் ஆர்டித். அவர் அழுகையை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

எமரி உள்பக்கமாக ஒட்டிப் போனார். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அவர் தலைக்கு மேல் அசைந்தது. கூட்டம் வெர்லன் பெயரைச் சொல்லிக் கத்தியது. கார்கள் எல்லாம் மூச்சு வாங்கி நின்றன. ஹாலிஸ் கண்ணைத் திறந்து ஆமென் சொன்னார்.

எமரி கீழே இறங்கினார். ஒரு சாவு வண்டி பந்தயத்தையே கெடுத்துவிட்டது. ஊர் என்ன பேசும் என்று கூசினார். ஆனாலும் ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து தன்னைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது. தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். செத்துப்போன ஒருத்தருக்காகத் தங்களோட வெற்றியையே விட்டுக்கொடுத்தவங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். எவ்வளவு வழி விட்டும் நீங்க ஒருத்தர்கூட எங்களை முந்தலை. இந்த மரியாதையை ஆர்டித் அம்மா மறக்க மாட்டாங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டூயி தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்திலிருந்த செம்மண்ணை வழித்துப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"யாருய்யா விட்டுக்கொடுத்தது? உன்னை எப்படியாவது முந்திடணும்னுதான் எல்லாரும் உசிரைக் குடுத்து ஓட்டினோம்."