சூலகம் என்றொரு மனிதர்

ஒரு சொல்லை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று யார் தீர்மானிப்பது? அரும்பாவூரில் ஒரு பப்பாளித் தோட்டத்தில் வியர்த்து நின்றபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பிடிக்க வைத்தவர் சூலகம்.

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமா, இரண்டா என்று அரசாங்கமே மாற்றி மாற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பரப்பு முழுவதிலும் பிறர் பொறுமையை அவரளவுக்குச் சோதித்தவர் எவருமில்லை. மகளிர் குழுக்களுக்காக இயங்கிய எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்தில் அவர் பயிர் ஆலோசகர், தாவரவியல் படித்தவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

சந்தையில் காய்காரியிடம் கத்தரிக்காயைத் தூக்கிப் பிடிப்பார். "இது என்னன்னு நெனச்சீங்க? முத்தின சூலகம்மா! பூவுல விதை உண்டாகிற எடம். பொம்பளைங்க வயித்துல கருமுட்டை உண்டாகிற எடத்துக்கும் இதே பேருதான்."

"இன்னும் போணியே ஆகல, பேச்சப் பாரு! வாங்குனா வாங்கு, இல்லாட்டி நவுரு!"

பேருந்தில் மடியில் பூசணிக்காயோடு இருந்த அம்மாளிடம், "சூலகத்தைக் கொஞ்சம் நகத்துங்கம்மா, உக்காரணும்" என்றார். கண்டக்டர் வந்தார். அவருக்கும் விளக்கம் தொடங்கியது. அன்றிலிருந்து நான் கடைசி இருக்கைக்குப் போய், அவரை அறியாதவன்போல் வெளியே பார்க்கலானேன்.

அரும்பாவூர்க் குழுத்தலைவி செல்லம்மாள். குழந்தையில்லை என்று மருமகள் செல்வியை ரெட்டிபாளையத்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடவும், மகனுக்கு வேறு பெண் பார்க்கவும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று சொல்லச் சரியான தருணத்தையும் நோகாத வார்த்தையையும் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். குடும்ப விவரத்தைச் சூலகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே விளக்கிவிடுவார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தை வேண்டாம் சார்" என்று கெஞ்சி அழைத்துப் போனேன்.

"பப்பாளி பூவாக் கொட்டுது சார். ஒரு பிஞ்சு நிக்கல. மலட்டுச் சாதி" என்றார் செல்லம்மாள்.

சூலகம் தோட்டத்தில் வெட்டுண்டு கிடந்த மரங்களைப் பார்த்தார். "இதையெல்லாம் ஏன் வெட்டுனீங்க?"

"அது ஆம்பள மரம், காய்க்காது. தண்டமா நிக்குதேன்னு ஒண்ணு விடாம சாச்சுப்புட்டோம்."

அவ்வளவுதான். ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்தார்; தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார்.

"பாருங்க, சூலகம்! ஒரு குறையும் இல்ல. ஆம்பள மரத்து மகரந்தம் வந்தாத்தான காய்க்கும்? ரெண்டு பக்கமும் பாக்காம இத மட்டும் மலடுன்னா எப்படிம்மா?"

கண்ணை மூடிக்கொண்டேன். நான் பார்த்துப் பார்த்துக் காத்த மாதங்களெல்லாம் வீண்.

"மரத்தத்தான சொல்றீங்க?" செல்லம்மாள் குரல் இறங்கியிருந்தது.

"மரத்தத்தாங்க. வேற எத?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மோர்ச் சொம்போடு தோட்டத்து வாசலில் நின்ற செல்வி, அம்மா பக்கத்தில் நின்ற கணவனை நேராகப் பார்த்தாள். "மரத்துக்கு உள்ள நியாயம் எனக்கும் உண்டுல்ல அத்தை? நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். இவரும் வரட்டும்."

மகன் கழுத்துத் துண்டை முறுக்கினான். வெட்டுண்டு கிடந்த மரங்களைச் செல்லம்மாள் ஒருமுறை பார்த்துவிட்டு, "போயிட்டு வாடா" என்றார்.

திரும்பும்போது சூலகம் வருத்தத்தோடு கேட்டார்: "அந்த வார்த்தைய ஒரு தடவைதான சொன்னேன்? கோவமா?"

இருவரும் மருத்துவரிடம் சேர்ந்து போனார்கள். வேறு பெண் பார்க்கும் பேச்சு நின்றது. நான் பேருந்தில் மறுபடியும் அவர் பக்கத்திலேயே உட்காரத் தொடங்கினேன்.