முப்பத்தொன்பது ‘இல்லை’கள் குறித்து மைத்துனருக்கு எழுதிய விளக்கம்

மதிப்பிற்குரிய மைத்துனர் பெனாயா அவர்களுக்கு,

மாவட்டச் சுகாதார அலுவலகக் கணக்கெடுப்பு எழுத்தனும் தங்கள் மனைவியின் அண்ணனுமாகிய இசிகேலி நவத்து, என் தங்கை வசீத்தி மூன்று ஞாயிறுகளாகத் தேவாலயத்துக்கு வராத காரணத்தையும் அதில் எனக்குள்ள பங்கையும் தெரிவிக்கும் பொருட்டு இதை எழுதுகிறேன். தாங்களும் தங்கள் கிழங்குத் தோட்டமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை.

இருமும்போதும் சிரிக்கும்போதும் பெண்களுக்குச் சிறுநீர் கசிகிறதா, எந்த இனத்தாருக்கு அதிகம் என்று எண்ணுமாறு தலைநகர் உத்தரவிட்டது. கரும்புக் காட்டு இந்தியப் பெண்களிடம் நர்ஸ் ராஜ்மதி போனார். இத்தீவின் பூர்வகுடிகளான நம் இனம் என்பதால் தங்கள் கிராமத்துக்கு நான் அனுப்பப்பட்டேன். அங்கு மணமாகி வந்திருக்கும் எங்கள் குலப்பெண்கள் முப்பத்தொருவர். அத்தனை பேரும் எனக்குத் தங்கை முறை, அக்காள் முறை. நம் வழக்கப்படி உடன்பிறந்தாளிடம் முகம் பார்த்து வானிலைகூடப் பேசக் கூடாதவன் இதை எப்படிக் கேட்பது? வசீத்தி வீட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்று, பதினான்கு கேள்விகளையும் எதிரே இருந்த ஈரப்பலா மரத்தைப் பார்த்து உரக்க வாசித்தேன். திரும்பியபோது வீடு காலி, பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. மௌனம் ‘இல்லை’ எனக் கொள்ளப்படும் என்பது ஏழாம் விதி. முப்பத்தோரு வீட்டிலும் அதே மௌனம், அதே ‘இல்லை’.

மீதி எட்டுப் பேர் தங்கள் உடன்பிறந்தாரும் பங்காளிப் பெண்களும், அதாவது என்னைக் கேலி பேச உரிமையுள்ள முறை. தங்கள் அக்காள் மெரேசேய்னி என் படிவத்தைப் பிடுங்கி, “வாங்கடி, மச்சான் நம்ம மூத்திரத்தைக் கணக்கு எடுக்க வந்திருக்காரு!” என்று ஊரையே கூட்டிவிட்டார். “இருமினா வருமான்னா கேக்குற? உன் மூஞ்சியப் பாத்தாலே வருது, எழுதிக்க!” என்றார். “எனக்கு ரெண்டு வாளி!” என்றார் இன்னொருவர். விளையாட்டாகச் சொல்லும் விடை செல்லாது என்பது ஒன்பதாம் விதி. எட்டும் ‘இல்லை’ ஆயின. இரு விதிகளையும் எழுதித் தந்தவன் நானே என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை.

ராஜ்மதி அடுப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அறுபதில் நாற்பத்தொன்று ‘ஆம்’. அலுவலகக் கூட்டத்தில் என்னிடம், “ஏண்ணே, உங்க பொம்பளைங்க தும்மவே மாட்டாங்களா?” என்றார். தலைநகர் டாக்டரோ, நம் பெண்கள் கிழங்குச் சுமை தூக்குவதால் இடுப்பு இறுகிவிட்டது, இது தெளிவான இன வேறுபாடு என்று கைதட்டினார். கசிவை நிறுத்தும் பயிற்சி சொல்லித்தரும் நர்ஸும் துணிப் பட்டைகளும் கரும்புக் காட்டுக்கு மட்டும் என்று முடிவாயிற்று, அந்த உத்தரவில் திங்கட்கிழமை கையெழுத்து.

நேற்று சந்தையில் மெரேசேய்னி சிரிக்கவில்லை. “மச்சான், வசீத்தி தேவாலயத்துல பாட எழுந்தா நனைஞ்சிருதாம். வெள்ளைப் பாவாடை. புருஷன்கிட்டகூடச் சொல்லல. அந்த நர்ஸு வருவான்னு நாள எண்ணிக்கிட்டிருந்தா. நாங்க எட்டுப் பேரும் சிரிச்சுக்கிட்டே நெசத்ததான்யா சொன்னோம்!” என்றார். கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வழக்கம் என் வாயைக் கட்டியிருக்கிறது, விதி என் கையைக் கட்டியிருக்கிறது. நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. குற்றம் என்னுடையதல்ல என்று மட்டும் தாங்கள் நம்ப வேண்டும்.

ஆண்டவன் தங்கள் இல்லத்தைக் காக்கட்டும். மெரேசேய்னிக்கு என் வணக்கம்.

தங்கள்,
இசிகேலி நவத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் என் மனைவி லிதியா இதை வாங்கிப் படித்தாள். “நம்ம வீட்டுக்கு என்ன எழுதினீங்க?” என்றாள். நாற்பதாவது படிவம் நம்முடையது, அதிலும் ‘இல்லை’தான் என்றேன். “யாரக் கேட்டீங்க?” என்றாள். இருபத்தாறு ஆண்டு உடன் வாழ்பவன் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். “எட்டு வருஷமா இருக்குங்க. நான் என்ன உங்களுக்குத் தங்கச்சியா?” என்றாள். இதற்கு எந்த வழக்கத்தையும் எந்த விதியையும் என்னால் காட்ட முடியவில்லை. ஆகவே, மேலே எழுதிய சமாதானங்களைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். திங்கட்கிழமை கையெழுத்துக்கு முன் கூட்டத்தில் எழுந்து, நாற்பது படிவங்களும் பொய், பொய்யாக்கியவன் நான் என்று சொல்லப் போகிறேன். செவ்வாயன்று புதுப் படிவங்களுடன் லிதியா தங்கள் வீட்டு அடுப்படிக்கு வருவாள். நான் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொள்வேன்.