நல்லநேரத்தில் விழுந்த பனை

மரத்தோடு கதைத்து, மரத்தையும் சொல்வழி கேட்கவைத்த மனிதர் வலிகாமம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் புத்தூர் முளைக்கட்டையர். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மரம் தறிப்பது அவர் தொழில். மரம் விழவேண்டிய இடத்தில் முதலில் ஒரு முளைக்கட்டையை அறைவார். விழுகிற மரம் அதன் தலையிலேயே விழுந்து அதை மண்ணுக்குள் இறக்கும். மரத்துக்கு 'நீங்கள்', வீட்டுக்காரருக்கு 'நீர்'. முதல்நாளே வந்து, "நாளைக்கு வாறன், குறை நினையாதையுங்கோ" என்று மரத்திடம் சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லமாட்டார்.

குண்டு போடப் பொம்பர் விமானங்கள் சுற்றத் தொடங்கியிருந்த காலம். வீட்டுக்கு வீடு பதுங்கியிருக்கப் பங்கர் வெட்டினோம். எங்கள் பங்கருக்கு மேலே அடுக்கப் பனங்குற்றி வேண்டும். வேலியோரப் பனையைத் தறிக்க முளைக்கட்டையரைப் பிடித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் அண்ணை வீடு. வருகிற ஞாயிறு அவருடைய மகளைப் பெண் பார்க்க நெல்லியடியிலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். ஏற்கனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போன பிள்ளை. அண்ணை வீட்டுக்கு மட்டுமல்ல, கக்கூசுக்கும் வெள்ளை அடித்து வைத்திருந்தார்.

வியாழன் விடிய ஆறு மணிக்கே கோடரியோடு வந்து நின்றார் முளைக்கட்டையர். இலை அசையவில்லை. நான் விடவில்லை. கோயில் ஐயர் குறித்துத் தந்த நல்லநேரம் ஒன்பதேகால். பிள்ளையாரை மிஞ்சி நான் ஒன்றும் தொடங்குவதில்லை.

ஒன்பது மணிக்குச் சோழகக் காற்று எழும்பிவிட்டது.

"காத்து வேலிக்கு அங்காலை தள்ளுது. நாளைக்கு விடிய வெட்டுவம்."

"நாளைக்கு நாள் சரியில்லை அண்ணை."

"நீர் ஐயரைக் கேட்டீர். காத்தைக் கேட்டீரோ?"

"பிள்ளையார் இருக்கிறார். நீங்கள் வெட்டுங்கோ."

வெட்டினார். பனை, அதைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்த வேப்பங்கொப்பையும் முறித்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பியது. முளைக்கட்டை நிமிர்ந்து நிற்க, வேலியும் கக்கூசும் படுத்துவிட்டன. புழுதிக்குள்ளிருந்து, கையில் வாளியோடு மனேச்சர் அண்ணை வெளிப்பட்டார்.

"ரெண்டு நிமிஷம் முந்தித்தான் வெளியிலை வந்தனான்!"

"பாத்தியளே அண்ணை, நல்லநேரம்!" என்றேன்.

அது சொல்லக்கூடாத சொல். அண்ணைக்கு நெற்றி நரம்பு புடைத்தது.

"பிடிச்சது நீர், வெட்டினது உவர், போனது என்ரை கக்கூசு! இதுக்கு ஆர் பொறுப்பு? ஞாயிறு ஒன்பது பேர் வருகினம். அவையளை எங்கை விடுறது? பனை வடலிக்குள்ளையோ? இந்தச் சம்பந்தமும் குழம்பினால் நான் உம்மடை முகத்திலை முழிக்கமாட்டன்!"

காற்றுக்குள் வெட்டச் சொன்னது நான்தான்.

"பிழை என்ரைதான்," என்றார் முளைக்கட்டையர். "கயிறு இளகிப் போச்சு."

அந்தக் கயிற்றை அவர் மூன்றுதரம் இழுத்துப் பார்த்ததை நான் கண்டேன். விழுந்த வேலியை நிமிர்த்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

சீமெந்து கண்ணால் காணக் கிடையாத காலம். முளைக்கட்டையர் எங்கள் பங்கருக்கென்ற குற்றிகளையே சீவி நிறுத்தி, மேலேயும் அடுக்கி, சனி பின்னேரம் ஒரு கக்கூசை எழுப்பினார். கதவு மட்டும் பழையது. யாழ்ப்பாணத்திலேயே குண்டுக்கு அசையாத கக்கூசு அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிறு வந்தார்கள். பலகாரம் தின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் பின்பக்கம் போன நேரம் பார்த்து ஹெலிகொப்டர் வந்து தலைக்குமேல் சுற்றியது. எல்லோரும் மரங்களுக்குக் கீழே ஒதுங்கினோம். ஹெலி போன பிறகும் அவர் வெளியே வரவில்லை.

"அம்மா, வாங்கோவன்!" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"நான் இஞ்சையே இருக்கிறன். நீங்கள் கதைச்சு முடியுங்கோ. எனக்குச் சம்மதம்!"

அப்படித்தான் அந்தக் கலியாணம் நிச்சயமானது.

அன்று பின்னேரம் முளைக்கட்டையரிடம் போனேன். அடுத்த ஊர்ப் புளியமரம் ஒன்றுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனண்ணை கயிறு எண்டு பொய் சொன்னனீங்கள்?"

"எனக்கு நாளைக்கு வேறை வளவு. நீர் அந்த மனிசனோடை ஒரே வேலியிலை எல்லோ சீவிக்கவேணும்."

நேரே மனேச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லநேரம் பார்க்கவில்லை.

"தெரியும் தம்பி. முறிஞ்ச கொப்பிலை கயித்து முடிச்சு இறுகினபடி கிடந்தது. நீர் வருவீரோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

மண்ணுக்குள் இறங்காத அந்த முளைக்கட்டை என் சாமியறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடிய விபூதி பூசும்போது அதற்கும் கொஞ்சம் பூசிவிடுவேன்.